தேங்கிய தண்ணீரா, காய்ச்சலும் பாய்ச்சலுமா?

புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் குறைப்போம் என்று 2021 கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பல நாடுகள் எடுத்த உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. இங்கே அந்த வாயு பெரும்பாலும் மாட்டிலிருந்தும் நெல் வயலிலிருந்தும் வருகிறது; சிறு விவசாயிகளின் பிழைப்பு அது. ஆனாலும் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து வயல்களில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

எப்போதும் நீர் கட்டிய வயலில் மண்ணுக்குக் காற்று போகாது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். நீர் கட்டினால் களை குறையும், சரி. ஆனால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடி பாய்ச்சினால், வாயு பாதி வரை குறையலாம், தண்ணீரும் மிச்சம். துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, அதில் நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயம் மட்டும் காயவிடக் கூடாது.

கிணற்றுப் பாசனக்காரர்கள் தயங்காமல் மாறலாம். பெரியாறு கால்வாயின் கடைமடையில் அப்படிச் சொல்ல மாட்டேன்: முறைவைத்து விடும் தண்ணீர் அடுத்து எப்போது வரும் என்று தெரியாதவர் வயலைக் காயவிட அஞ்சுவது நியாயம்தான். அங்கே முதலில் முறைத் தேதியை முன்கூட்டியே சொல்லட்டும்.