ஈஸ்ட்ரோஜன் பேட்ச்: தூக்கம் வந்தது, பசைதான் மட்டம்
மாதவிடாய் நின்றதிலிருந்து ராத்திரியில் மூன்று முறை வியர்த்து எழுந்து உடை மாற்றிக்கொண்டிருந்த எனக்கு, தோலில் ஒட்டி வாரம் இரண்டு முறை மாற்றும் இந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பேட்ச் ஒரு மாதத்தில் தூக்கத்தைத் திருப்பித் தந்தது. குளித்தால் ஓரம் கிளம்பிவிடும், தோலும் அரிக்கும். மாத்திரையைவிட இதில் ரத்தம் உறையும் ஆபத்து குறைவு என்பதால், சரி, பொறுத்துக்கொள்கிறேன்.

கருப்பை இருந்தால் கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் வேண்டும், அதைச் சேர்க்காவிட்டால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரலாம். ஹார்மோன் சிகிச்சை ஆபத்து என்று 2002இல் வந்த அமெரிக்க ஆய்வின் பெயரைச் சொல்லி எல்லோரும் பயமுறுத்தினார்கள். அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது அப்புறம்தான் தெரிந்தது, 60 வயதுக்குள் தொடங்குபவர்களுக்கு ஆபத்துக் கணக்கே வேறு. ஆனாலும் இரண்டு ஹார்மோனையும் வருடக்கணக்கில் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடும், அதனால் மார்பகப் பரிசோதனையை நான் தள்ளிப்போடுவதில்லை.