கருப்பட்டிக் காபியா, பிரீ ஒர்க்அவுட் பவுடரா?

பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது காபிதான். அதில் இருக்கும் கஃபீன் என்ற ஊக்கப்பொருள் ஓட்டத்துக்குக் கைகொடுக்கும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004லேயே அதைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் சரி. சிலருக்கு வயிற்றைப் புரட்டும், அதைப் பயிற்சி நாளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சிக்கு முன்னால் கரைத்துக் குடிக்கும் பிரீ ஒர்க்அவுட் பவுடரிலும் பெரும்பாலும் வேலை செய்வது கஃபீன்தான். ஆனால் சிலவற்றில் மெத்தில்ஹெக்ஸேனமைன் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கியும் கலந்திருந்ததுண்டு. லேபிளில் 'ஜெரேனியம் சாறு' என்று போட்டிருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? 2010 டெல்லி காமன்வெல்த்தில் பெண்கள் 100 மீட்டரில் வென்ற நைஜீரிய வீராங்கனையின் உடலில் இதே மருந்து இருந்தது, தங்கம் பறிபோனது. தெரியாமல் சாப்பிட்டேன் என்றாலும் முடிவு ரத்தாகும், உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. ஜிம் அண்ணன் பாசமாக நீட்டினாலும் அந்த டப்பா வேண்டாம், தம்பி.