லூமியாவை விட்டு வருகிறவர்களுக்கு நோக்கியா 6.1 பிளஸ் எப்படி?

மைக்ரோசாப்டின் விண்டோஸில் ஓடிய லூமியா போனைக் கடைசி வரைக்கும் விடாமல் வைத்திருந்து, 2020 தொடக்கத்தில் வேறு வழியில்லாமல் ஆண்ட்ராய்டுக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நோக்கியா 6.1 பிளஸ் 2018-ல் வந்த பழைய மாடல், அதைப் பற்றி யூட்யூபில் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். லூமியாவே கையோடு ஒட்டிப்போனவர்களுக்கு எந்த கேம் எவ்வளவு வேகமாக ஓடும் என்கிற கவலை கிடையாது. பழைய போனை வைத்துவிட்டு இதை எடுத்தால் எது கிடைக்கும், எது போகும் என்பதுதான் கேள்வி.

என்னிடம் இருந்தது லூமியா 640, 2015-ல் வாங்கியது. தர்மபுரியில் இருந்துகொண்டு சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கிற வேலை, அதனால் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், அந்தப் பக்கம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வரைக்கும் பைக்கில் போய் வருவேன். 1 ஜிபி ராம்தான், ஆனால் திணறியதே இல்லை. முதுகு மூடியைக் கழற்றி பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், 2500 எம்ஏஎச் தீர்ந்தால் பையில் இன்னொன்று இருக்கும். இரண்டு சிம் போட்டு மெமரி கார்டும் தனியாகப் போடலாம். திரையை இரண்டு தட்டு தட்டினால் விழித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கட்டங்கள். யார் கூப்பிட்டார்கள், எத்தனை செய்தி வந்திருக்கிறது, நாளைக்கு யார் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் எதையும் திறக்காமலே முகப்பில் தெரியும். வெயிலில் நின்றுகொண்டு ஒரு கையில் குழாயைப் பிடித்தபடி போனைப் பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல முகப்பை இன்று வரை யாரும் செய்து கொடுக்கவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

லூமியாவின் கதை எப்படி முடிந்தது என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நோக்கியாவின் போன் பிரிவு 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் கைக்குப் போனது. அந்த நவம்பரிலேயே நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் போன் தயாரிப்பு நின்றது. 2015 ஜூலையில், அதாவது நான் 640 வாங்கிய அதே வருஷம், மைக்ரோசாப்ட் அந்த வாங்கலில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதிவிட்டு 7,800 வேலைகள் வரை குறைக்கப்போவதாக அறிவித்தது. 2017 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் விண்டோஸ் பிரிவு அதிகாரி ஜோ பெல்ஃபியோரே, போனுக்குப் புது வசதிகள் செய்வதிலோ புதுப் போன் கொண்டு வருவதிலோ இனி கவனம் இல்லை என்று ட்விட்டரில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். 640-க்குக் கடைசியாக வந்த பதிப்புக்குப் பாதுகாப்பு புதுப்பிப்புகள் 2019 ஜூனோடு நின்றன. 950 போன்ற கடைசி லூமியாக்களுக்கும் 2020 ஜனவரி 14-ஓடு முடிந்துபோனது. 2019 டிசம்பர் 31-ஓடு வாட்ஸ்அப்பும் நின்றதும் என் வீட்டில் அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. அண்ணன் குடும்பம் பெங்களூரில், அம்மா தர்மபுரியில், நடுவில் பேரனின் முகத்தைக் காட்டுகிற ஒரே வழி அதுதான்.

உண்மையில் எனக்கு இடி அதற்கு முன்பே விழுந்திருந்தது. 2016 டிசம்பர் 30-ல் பணம் அனுப்புகிற பீம் செயலி வந்தபோது அது ஆண்ட்ராய்டுக்கு மட்டும் வந்தது. அதன்பின் வந்த பணம் அனுப்பும் செயலிகள் ஒவ்வொன்றும் நம்மைத் தாண்டியே போயின. பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் பக்கத்து டீக்கடையில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது, விவசாயி "போன்லயே போட்டு விட்டுடட்டுங்களாண்ணா" என்று கேட்கிறார், நான் வங்கிக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். வேலை செய்கிறவனுக்குச் செயலி இல்லை என்பது பொழுதுபோக்குக் குறை ஆகாது, கைக்கு வர வேண்டிய காசு ஒரு வாரம் தள்ளிப்போவது.

சரி, ஏன் இந்த போன்? முதல் காரணம் ஆண்ட்ராய்டு ஒன், அதாவது புதுப்பிப்புகளுக்கு வாக்குக் கொடுத்து வந்த கூகுளின் திட்டம். ஒரு தளத்தை நம்பி நடுத்தெருவில் நின்ற பிறகு, போனைத் தயாரிக்கிறவன் எத்தனை வருஷம் கூட நிற்பான் என்பதைத்தான் நான் முதலில் கேட்டேன். ஆண்ட்ராய்டு ஒன் போன்களுக்கு இரண்டு வருஷம் பெரிய பதிப்புகளும் மூன்று வருஷம் பாதுகாப்பு புதுப்பிப்புகளும் உண்டு என்று வாக்கே கொடுத்திருந்தார்கள். 6.1 பிளஸ் இங்கே 2018 ஆகஸ்டில் 15,999 ரூபாய்க்கு வந்தபோது ஆண்ட்ராய்டு 8.1 இருந்தது, அப்புறம் 9, 2020 ஜனவரியில் 10. சொன்னதைச் செய்திருக்கிறார்கள். இரண்டாவது காரணம், இதில் கூகுள் கொடுத்தபடியே சுத்தமான ஆண்ட்ராய்டு. அமைப்புகளுக்குள் போனால் விளம்பரம் வருவது, கேட்காத செயலிகள் நுழைந்து உட்கார்ந்திருப்பது எல்லாம் இல்லை. லூமியாவின் அமைதிக்குப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயம், கடையில் அதே விலைக்கு வேறு சில போன்களைத் தொட்டுப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. பெயரில் நோக்கியா இருப்பது ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். 2016 கடைசியிலிருந்து அந்தப் பெயரில் போன் விற்று வந்தது எச்எம்டி என்கிற பின்லாந்து நிறுவனம்.

இனி பழைய போனில் இருந்ததையெல்லாம் புதுப் போனுக்கு வீடு மாற்றுகிற வேலை, இங்கேதான் நிறையப் பேர் சிரமப்படுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் போனை வாங்கிய கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். அங்கிருந்த பையன் "அண்ணா, நம்பர் எல்லாம் ஏத்திக் கொடுத்துடறேன், இருநூறு ரூபா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து வாங்கிப் பார்த்தால் ஆங்கிலத்தில் இருந்த பெயர்கள் சரியாக வந்திருந்தன, தமிழில் இருந்தவை எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. மாரியப்பன் அண்ணன், பாப்பாரப்பட்டி கவுண்டர், தொப்பூர் மோட்டார் கடை எல்லாரும் ஒரே கேள்விக்குறி. "தம்பி, இதை யாருன்னு கூப்பிடறது?" என்றால் "விண்டோஸ்ல இருந்து வந்தா அப்படித்தாண்ணா வரும்" என்கிறான். அப்படி ஒன்றும் இல்லை. நம் விண்டோஸ் போனில் எண்களை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்திருந்தால் அவை அங்கே பத்திரமாக இருக்கும். கணினியில் அவுட்லுக் டாட் காமுக்குள் போய், பீப்பிள் பகுதியில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரு சிஎஸ்வி கோப்பு வரும். அதை எக்செலில் திறந்து சேமிக்கக் கூடாது, தமிழ் எழுத்து உடைவது அங்கேதான். இறக்கிய கோப்பை அப்படியே கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தில் இம்போர்ட் செய்தால் ஒரு எழுத்துகூட மாறாமல் வந்து உட்காரும். கணினி கைவசம் இல்லையா, புதுப் போனில் அவுட்லுக் செயலியைப் போட்டு, தொடர்புகளை போனோடு ஒத்திசைக்கச் சொன்னாலே போதும். படங்கள் ஒன்டிரைவிலும் குறிப்புகள் ஒன்நோட்டிலும் இருந்தால் தலைவலியே இல்லை, இரண்டுக்கும் ஆண்ட்ராய்டில் செயலி உண்டு. வாட்ஸ்அப் பழைய உரையாடல்கள்தான் வராது. விண்டோஸ் போனில் எடுத்த பேக்கப்பை ஆண்ட்ராய்டு திறக்காது, அந்த வேலியைத் தாண்ட நிறுவனமே வழி வைக்கவில்லை. 2019 டிசம்பர் முடிவதற்கு முன்பே உரையாடல்களை மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்திருந்தால் எழுத்தாகவாவது இருக்கும். அம்மாவுடையதை அப்படி எடுத்து வைத்தேன்.

இன்னொன்று, சிம். 640-ல் மைக்ரோ சிம், இதில் நானோ. வெட்டிக் கொடுக்கிறேன் என்பார்கள், வேண்டாம், ஆதாரை எடுத்துக்கொண்டு போய்ப் புது சிம்மாகவே மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் இதில் ஒரே இடத்தைப் பங்குபோட வேண்டும், ஏதாவது ஒன்றுதான் போடலாம். 64 ஜிபி உள்ளேயே இருக்கிறது என்றாலும் எனக்கு இது குறைதான். ஒகேனக்கல் ரோட்டில் ஒரு சிம் எடுக்கும், அஞ்செட்டிக் காட்டில் இன்னொன்று எடுக்கும், எங்கள் பக்கம் இரண்டு சிம் இல்லாமல் ஓடாது. கார்டை விட்டுவிட்டேன்.

அந்தக் காட்டு ரோட்டில் லூமியாவின் வரைபடம் இணையமே இல்லாமல் வழி சொல்லும். கூகுள் மேப்ஸிலும் அப்படி இறக்கி வைக்கலாம், ஆனால் சதுரம் சதுரமாகப் பிடித்து இறக்க வேண்டும், அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். பழைய வசதி வேண்டுமென்றால் ஹியர் வீகோ செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், லூமியாவில் வழி காட்டியதும் அதே ஹியர் வரைபடம்தான். தேன்கனிக்கோட்டையிலிருந்து நாட்றாம்பாளையம் வரைக்கும் சிக்னல் வந்தும் போயும் இருந்தபோதும் அது தடுமாறவில்லை.

வேகம் பற்றிச் சுருக்கமாக: ஸ்னாப்டிராகன் 636 சிப், 4 ஜிபி ராம், நம் வேலைக்குத் தாராளம். ஆண்ட்ராய்டு 10-ல் டார்க் தீம் போட்டால் லூமியாவின் அந்தக் கறுப்புப் பின்னணி ஓரளவு திரும்ப வருகிறது, பார்க்க மனசுக்கு இதமாக இருக்கிறது. இதில் இருப்பது எல்சிடி திரை என்பதால் அதனால் பேட்டரி மிச்சமாகும் என்று மட்டும் நம்ப வேண்டாம். தமிழில் எழுதுவது எனக்கு இங்கேதான் சுலபம். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுப் பேசினால் தமிழிலேயே எழுதிக்கொள்கிறது, 2017-லேயே வந்த வசதியாம், நமக்கு இப்போதுதான் கைக்கு வந்தது. "நாளைக்கு பத்து மணிக்கு லேட்டரல் பைப்போட வரேன்" என்று சொன்னதைப் பைப் உட்பட சரியாக எழுதியது.

அம்மாவுக்கும் இதே போனைத்தான் வாங்கினேன், அவருடைய லூமியா 535-ஐயும் ஓய்வுக்கு அனுப்ப வேண்டியிருந்ததே. என் கவலை எல்லாம் அவரைப் பற்றித்தான். அவருக்குப் போன் என்றால் முகப்பில் நான்கு பெரிய கட்டம், நான்கிலும் நான்கு முகம், அண்ணன், அக்கா, நான், குட்டி என்று அவர் கூப்பிடுகிற பேரன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், பெயரைத் தேடி எடுக்க மாட்டார். புதுப் போனை வாங்கியதும் திரையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு "டேய், குட்டி மூஞ்சி எங்கடா போச்சு?" என்றார். சாதாரண முகப்பில் டைரக்ட் டயல் விட்ஜெட் வைக்கலாம், ஒரே தொடுதலில் அழைப்பே போகும், அந்த வகையில் லூமியாவைவிட ஒரு தொடுதல் மிச்சம். ஆனால் படம் பொட்டு மாதிரி சின்ன வட்டம், அவர் கண்ணுக்கு ஆகாது. கடைசியில் முகப்பையே மாற்றித் தருகிற ஸ்கொயர் ஹோம் என்கிற லாஞ்சர் செயலியைப் போட்டேன். அது விண்டோஸ் போனின் கட்டங்களை அப்படியே கொண்டு வருகிறது, பெரிதாக்கலாம், படத்தைக் கட்டம் முழுக்க நிரப்பலாம், சில வசதிகளுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். குட்டியின் முகத்தை அகலமாக இழுத்து மேலே வைத்துக் கொடுத்ததும் ஒன்றும் பேசாமல் தொட்டார், பெங்களூரில் மணி அடித்தது. கட்டங்களை மறக்க முடியாதவர்கள் எல்லாரும் முதல் நாளே இதைப் போட்டுவிடுங்கள். மைக்ரோசாப்ட் தானே வெளியிட்டிருக்கிற லாஞ்சரும் போட்டுப் பார்த்தேன், நாள்காட்டிக்கும் குறிப்புகளுக்கும் நல்லது, ஆனால் அதில் கட்டம் கிடையாது.

குறைகள் என்று பார்த்தால், முன்னும் பின்னும் கண்ணாடி. சேற்றுக் கையோடு எடுக்கிறவனுக்கு இது ஆகாத அழகு, உறை போடாமல் தோட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பேட்டரி 3060 எம்ஏஎச், கழற்றவும் முடியாது. காலையில் கிளம்பி வரைபடம் போட்டுக்கொண்டு சுற்றினால் சாயங்காலம் பவர் பேங்க் தேவைப்படும். வேகமாக ஏறுகிறது என்பதால் மதியம் எங்காவது சாப்பிடுகிற நேரத்தில் போட்டுவிட்டால் சமாளிக்கலாம். திரைக்கு மேலே இருக்கிற அந்த வெட்டு எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் அது கண்ணுக்குப் பழகிவிடும் என்றே நினைக்கிறேன்.

வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியிருந்தது ஒன்றுதான். பெரிய பதிப்பில் ஆண்ட்ராய்டு 10 தான் இதற்கு வாக்களித்ததில் கடைசி, பாதுகாப்பு புதுப்பிப்புகளும் 2021 ஆகஸ்ட் வரைதான் கணக்காக இருந்தது. நான் வாங்கியபோது முதலில் வந்த விலையைவிட நன்றாக இறங்கியிருந்தது, அந்த விலைக்கு மிச்சமிருந்த ஒன்றரை வருஷம் எனக்குப் போதுமானதாக இருந்தது. புதுப்பிப்பு இன்னும் நீளமாக வேண்டும், சில ஆயிரம் கூடப் போட முடியும் என்றவர்களுக்கு 2019 செப்டம்பரில் வந்த நோக்கியா 7.2 இருந்தது, அதுவும் ஆண்ட்ராய்டு ஒன்தான். பழைய லூமியாவில் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் விட்டு வைக்காதீர்கள், புதுப்பிப்பு நின்றுபோன போனில் அவை இருக்கக் கூடாது. ரீசெட் செய்துவிட்டு எஃப்எம் ரேடியோவுக்கு வைத்துக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் 535 இப்போது அடுப்படி அலமாரியில் அந்த வேலையைத்தான் செய்கிறது.