நிலாவெளி விடுதி: ஓகஸ்டுக்கு ஐந்து, ஜனவரிக்கு இரண்டு

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கு வடக்கே உள்ள நிலாவெளியில் கடலோரமாக ஒரு குடும்பம் நடத்தும் சிறிய விடுதியில் ஓகஸ்டிலும் தங்கியிருக்கிறேன், ஜனவரியிலும் தங்கியிருக்கிறேன். அறை அதே அறை. சமையல் அதே அக்காவின் கைப்பக்குவம். ஆனாலும் ஓகஸ்டுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். கடலுக்காகப் போகிறவர்களுக்கு ஜனவரியில் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

இலங்கைக் கடற்கரைக்கு எப்போது போகலாம் என்று கேட்டால், டிசம்பர் முதல் மார்ச் வரை என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். தென்மேற்கு, தெற்குக் கரைகளில் பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் போகிறவர்களுக்கு அது சரியான பதில். கிழக்குக்கு அது பொருந்தாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றின் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளே வாங்கிக்கொள்கின்றன. மலையைத் தாண்டி இறங்கும் காற்று உலர்ந்து, சூடேறிக் கிழக்குக்கு வருகிறது. கச்சான் என்று அங்குள்ளவர்கள் சொல்வது இதைத்தான். மேற்கே கொழும்புக் காலிமுகத்திடலில் அலை சுவரில் மோதித் தெறிக்கும் நாட்களில் நிலாவெளிக் கடல் குளம்போலக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவத்தின் வாடைக்காற்று கிழக்குக் கரையில் நேரே வந்து அடிக்கிறது.

மேற்குக் கரையின் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பலர் தென்மேல் பருவத்தில் படகும் வலையுமாகக் கிழக்கே வந்து, வாடி என்னும் தற்காலிகக் குடிசை அமைத்துத் தொழில் செய்துவிட்டு, வாடைக்காற்றுக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்கள் வாடியில் இருக்கும் மாதங்களில் நீங்களும் அறை எடுங்கள். விளம்பரப் படங்களைவிட அவர்களையே நான் நம்புவேன்.

ஓகஸ்டில் எங்களுக்குக் கிடைத்ததில் மிகப் பெரியது புறாத்தீவு. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. விடுதிக்கார அண்ணன் முந்திய இரவே படகுக்குச் சொல்லிவைத்து, வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு எங்கே எடுப்பது என்பதையும் விளக்கிவிட்டு, விடிந்ததும் எங்களை எழுப்பிக் கரைக்கு அனுப்பினார். அந்த அவசரம் நியாயமானது. பள்ளி விடுமுறை என்பதால் சற்று நேரத்திலேயே தீவு நிறைந்துவிடுகிறது.

தீவின் கரையில் மணலைவிட உடைந்த பவளத் துண்டுகளே அதிகம். வெறுங்காலில் நாலடி வைக்க முடியாது. ரப்பர் காலணி அவசியம். இடுப்பளவு தண்ணீரில் முகத்தை வைத்ததும் கிளிமீன்கள் பவளத்தைச் சுரண்டும் நறநறவென்ற சத்தம் காதில் விழுந்தது. சற்று அப்பால், துடுப்பின் நுனி கறுத்த சிறிய சுறா ஒன்று என் மகளுக்குப் பன்னிரண்டு அடி தள்ளி நழுவிப் போனது. அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுறா எங்களைச் சட்டைசெய்யவே இல்லை. அதே இடத்தில் சிலர் பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உயிருள்ள ஒன்றை மிதித்து நிற்கிறோம் என்பதைப் படகில் ஏறும்போதே யாராவது சொல்லியாக வேண்டும். எங்கள் படகுக்காரர் சொன்னார். எல்லாப் படகிலும் சொல்லவேண்டும்.

விடுதிக்குத் திரும்பினால் இடியப்பம், சொதி, காலையில் கரைவலையில் வந்த பாரைமீன் குழம்பு. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளியலறைத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கிறது. நண்பகலில் மணல் கொதிக்கிறது. முதியவர்களும் குழந்தைகளும் பத்து மணிக்கு முன்போ நாலு மணிக்குப் பின்போ இறங்குவதே நல்லது.

ஜனவரியில் வாடகை ஏறத்தாழப் பாதி. முன்பதிவு இணையதளத்தில் அப்போதும் நீலக்கடல் படம்தான். புறாத்தீவுக்குப் படகு போகுமா என்பது பற்றி ஒரு வரி இல்லை. உண்மையைச் சொன்னவர் விடுதிக்கார அண்ணன். தொலைபேசியிலேயே, "தம்பி, கோயிலுக்கென்றால் வாருங்கள், குளிக்கவென்றால் வேண்டாம்" என்றார். அம்மாவுக்காகவே போனதால் கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர் ஊற்றுகளுமாக நாட்கள் நிறைவாகப் போயின. கடல் கலங்கி மண்ணிறமாக இருந்தது. அலை கரை மணலை அரித்து, ஓகஸ்டில் நாங்கள் பாய் விரித்த இடத்தை விழுங்கியிருந்தது. வருமானம் போனாலும் பரவாயில்லை என்று உள்ளதைச் சொன்ன அந்த ஒரு பதிலுக்காகவே இந்த விடுதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள் ஓகஸ்ட் விடுமுறைக்குக் கிழக்கு, டிசம்பர் விடுமுறைக்குத் தெற்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் பெரும்பாலும் இரு கரையும் அமைதியாக இருக்கும், பிற்பகல் இடிமழை வந்துபோகும்; ஆனால் புத்தாண்டு வாரத்தில் அறை கிடைப்பது கடினம். விடுமுறைக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு ஜூன் மாதத்தைச் சொல்வேன்: கடல் அமைதி, கூட்டம் குறைவு. ஒக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும். அந்த மாதங்களில் கிழக்கே போய்த்தான் ஆகவேண்டுமென்றால், மழை வந்தால் முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.