ஹைலைட்டர் சரி, நிழல் எங்கே?

"பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள், சின்னம்மா. நீங்கள் வைத்திருப்பது இதுதானே, வாங்கட்டுமா?" என்று அக்கா மகள் கடையிலிருந்தே படம் அனுப்பியிருந்தாள். நான் 29.90 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய ஒப்பனைப் பெட்டி இப்போது 14.90. முகத்தில் நிழல் காட்டும் கான்டூர் ஒரு பக்கம், ஒளி காட்டும் ஹைலைட்டர் ஒரு பக்கம், மூடியில் கண்ணாடி. உள்ளே ஒரு குட்டி பிரஷும் உண்டு. அதைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கோபம் வருவதற்கு முன் ஹைலைட்டரைச் சொல்லிவிடுகிறேன். மலிவு விலையில் கிடைக்கும் பல ஹைலைட்டர்கள் வெள்ளிப் பளபளப்பு, இல்லையென்றால் வெளிர் ரோஜா. மாநிறத்திலும் கறுப்பிலும் அதைத் தடவினால், விபூதி பூசித் துடைக்க மறந்ததுபோல் சாம்பல் படர்ந்து நிற்கும். இது செம்பு கலந்த பொன்னிறம். விரல் நுனியால் தொட்டுக் கன்னத்து மேட்டில் வைத்தால் நேராகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. தலையைத் திருப்பும்போதுதான் ஒளி ஓடும். மினுமினுப்பைத் தரும் மைக்கா என்ற கனிமத்தை அவ்வளவு நுணுக்கமாக அரைத்திருக்கிறார்கள். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கல்யாணம் என்றால் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், வியர்வையும் வழிந்துகொண்டே இருக்கும். பந்தி முடிந்து கை கழுவும் நேரத்திலும் அது வைத்த இடத்தில் இருந்தது.

அண்மையில் மோட்டார் சைக்கிள் கூடையிலிருந்து பெட்டி விழுந்து, ஹைலைட்டர் மட்டும் சுக்குநூறானது. தூக்கிப் போட மனம் வரவில்லை. கரண்டிக் காம்பால் முழுவதையும் பொடியாக்கி, மருந்துக் கடையில் விற்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்து, மேலே டிஷ்யூ போர்த்தி 50 சென் நாணயத்தால் அழுத்தினேன். இரவு முழுவதும் திறந்து வைத்ததில் ஆல்கஹால் பறந்து, பவுடர் இறுகிவிட்டது. டிஷ்யூவின் புள்ளிகள் இன்னும் அதன்மேல் பதிந்திருக்கின்றன. முன்பைவிடக் கொஞ்சம் கெட்டி, பிரஷை அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கிறது. நிறத்தில் குறையில்லை.

இனி கான்டூர். இதில்தான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

கான்டூர் என்பது நிழல். கன்னத்துக்குக் கீழே, தாடை ஓரத்தில், மூக்கின் இரு பக்கமும் இல்லாத குழிவை இருப்பதாகக் காட்டுவது. நிழல் மினுங்காது, செம்மஞ்சளாகவும் இருக்காது. சாம்பல் சாய்ந்த பழுப்பாக, நம் தோலைவிட ஓரிரு படி அடர்ந்திருக்க வேண்டும். இந்தப் பெட்டி லைட், மீடியம், டீப் என மூன்று நிறங்களில் வருகிறது. எங்கள் ஊர்க் கடையில் லைட்டும் மீடியமும் வரிசையாக அடுக்கியிருக்கும். டீப் என்று எழுதிய சீட்டு உண்டு, அதற்குப் பின்னால் வெற்றிடம். கேட்டால் 'ஹாபிஸ்', தீர்ந்துவிட்டதாம். எப்போது வரும் என்றால் ஒரு சிரிப்பு. என்னிடம் இருக்கும் மீடியத்தை அழுத்தித் தேய்த்தால் கன்னம் குழிவதற்குப் பதில் வெளுக்கிறது!

2017-இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி நிறுவனம் 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்த பிறகு, எங்களிடமும் அடர்நிறம் உண்டு என்று மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். சரி, தயாரிக்கிறார்கள். அதை லாரியில் ஏற்றிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஊருக்கு அனுப்ப வேண்டாமா? சம்பள நாளில் அந்தக் கடைக்குள் நுழையும் தமிழ்ப் பெண்களில் என் நிறத்தவர்களும் என்னைவிடக் கறுத்தவர்களும்தான் அதிகம். கடைப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, வருவதைத்தானே அவள் அடுக்குவாள். டீப் இங்கே விலைபோகாது என்று மேலே யாரோ கணக்கு வைத்திருக்கலாம். வைக்காத சரக்கு எந்த ஊரில் விற்றது? அதே கடையில் வெள்ளையாக்கும் கிரீம் மட்டும் தீர்ந்துபோனதாகச் சரித்திரமே இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். ஈப்போவில் வேலை செய்யும் தோழியின் பையில் டீப் இருந்தது. கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அருமை. மினுக்கம் துளியும் இல்லை, திட்டுத் திட்டாக ஒட்டாமல் பரவியது, ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்திலும் தாடைக்கோடு கலையவில்லை. தயாரித்தவர்களுக்கு வேலை தெரிகிறது. எரிச்சல் கூடுவதே அதனால்தான். இப்போதைக்கு வேறொரு ஐ ஷேடோ பெட்டியில் மிஞ்சியிருந்த, மினுங்காத காப்பிக் கொட்டை நிறத்தை வைத்து நிழலைச் சமாளிக்கிறேன்.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் இதேபோன்ற பெட்டி 10 வெள்ளிக்குக் கிடைக்கிறது, அடர்நிறமும் இருக்கிறது. ஆனால் அதில் அறிவிப்பு எண்ணைக் காணோம். இந்நாட்டில் ஒப்பனைப் பொருளை விற்க, தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏவிடம் அறிவித்து எண் பெற வேண்டும். அந்த எண்ணை அவர்களின் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். பாதரசம் கலந்ததற்காக அறிவிப்பு ரத்தான பொருள்களின் பெயர்களையும் அவர்கள் வெளியிடுகிறார்கள். எண்ணே இல்லாததை முகத்தில் தேய்க்க எனக்குத் துணிவில்லை.

14.90-க்கு வாங்கலாமா என்றால், ஹைலைட்டர் ஒன்றுக்கே அந்தப் பணம் தகும். ஆனாலும் வாங்காதே. நாம் எடுக்கும் ஒவ்வொரு மீடியமும், இந்த ஊருக்கு மீடியமே போதும் என்ற கணக்கில் போய் ஏறும். கோபத்தில் சொல்கிறேன் என்றால் அப்படியே இருக்கட்டும். கிளம்பும் முன் அலமாரியின் கீழ்த்தட்டை மட்டும் ஒருமுறை துழாவிப் பார். டீப் கிடைத்தால் உனக்கு ஒன்று, எனக்கு இரண்டு.