ஜோ ஹிக்கர்சனின் இசைத்தட்டுகளும் அவற்றைக் காத்துவரும் ஒரு தளமும்

அமெரிக்க நாட்டார் பாடல்களுக்கு ஆவணக்காப்பாளராகவும் பாடகராகவும் வாழ்ந்த ஜோ ஹிக்கர்சனை அறிய விரும்புவோர், ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் இணைய விற்பனைத்தளத்திலிருந்து தொடங்குவதே நல்லது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் பாடல் காப்பகத்தில் 1963 முதல் 1998 வரை பணியாற்றி, 1974இல் அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்ற அவருக்கு, ஒரு பாடல் யாரிடமிருந்து வந்தது, எங்கே பதிவானது என்னும் செய்தி பாடலுக்கு இணையான மதிப்புடையது. அந்தச் செய்திகளையும் பாடலோடு சேர்த்தே தருவதுதான் இத்தளத்தின் பெருஞ்சிறப்பு. இசைத்தட்டை வாங்காதவர்கூட, அதனுடன் வரும் பாடல் விளக்கக் குறிப்பேட்டை இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். பாடலை மட்டும் கொடுத்துவிட்டு மூலத்தைக் கைவிடும் இன்றைய இசைச் செயலிகளைப் பார்க்கும்போது, இதன் அருமை நன்றாகவே புரிகிறது.

1957 கோடையில், ஓபர்லின் கல்லூரி மாணவர் எண்மர் 'ஃபோக்ஸ்மித்ஸ்' என்ற பெயரில் கோடை முகாம்கள்தோறும் சென்று பாடினர். அவர்களில் ஒருவர் ஹிக்கர்சன். அக்குழுவின் 1958ஆம் ஆண்டு இசைத்தட்டில்தான் 'கும்பயா' என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பக்திப் பாடல் முதன்முதலில் இசைத்தட்டு வடிவில் விற்பனைக்கு வந்தது. குரல்களில் மெருகு குறைவு. கூடிப் பாடும் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. அதே பாடலின் பழைய வடிவத்தை நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ராபர்ட் கார்டன் 1926இல் ஜார்ஜியாவில் மெழுகு உருளையில் பதிவுசெய்திருந்தார். அவ்வுருளை இருந்த காப்பகத்திலேயே ஹிக்கர்சன் பின்னாளில் பணியாற்றினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

அமெரிக்க நாட்டார் பாடகர் பீட் சீகர் மூன்று சரணங்களோடு விட்டிருந்த 'வேர் ஹேவ் ஆல் த ஃபிளவர்ஸ் கான்' (பூக்களெல்லாம் எங்கே போயின) பாடலுக்கு 1960இல் மேலும் சரணங்களைச் சேர்த்தவரும் இவரே. படைவீரர்கள் கல்லறைக்குச் செல்கின்றனர். கல்லறைகள் மீண்டும் பூக்களாகின்றன. அந்தாதியின் ஈறு முதலோடு மண்டலித்து முடிவதைப் போலப் பாடல் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. உலகம் இன்று பாடும் வடிவம் அதுதான்.

ஃபோக்-லெகசி என்னும் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1976இல் அவர் பாடிய 'டிரைவ் டல் கேர் அவே' இசைத்தட்டு இரண்டு தொகுதிகளாக உள்ளது. குரலை அலங்கரிக்காமல், சொற்கள் தெளிவாக விழும்படி பாடுகிறார். தம்மை முன்னிறுத்தாமல் பாடலைக் கேட்பவரிடம் ஒப்படைப்பதே நோக்கம் என்பது கேட்ட உடனே விளங்கும். அந்நிறுவனத்தின் பட்டியலை ஃபோக்வேஸ் 2019இல் ஏற்றுக்கொண்டது. 1948இல் ஃபோக்வேஸைத் தொடங்கிய மோசஸ் ஆஷின் மறைவுக்குப் பின், 1987இல் அது அமெரிக்க அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியனிடம் வந்தபோது விதிக்கப்பட்ட நிபந்தனை, எவ்வளவு குறைவாக விற்றாலும் எந்த வெளியீட்டையும் நிறுத்தக்கூடாது என்பதாகும். காப்பாளர் ஒருவரின் உழைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இருப்பிடம் அமைந்திருக்க முடியாது.

பழைய குறிப்பேடுகள் அச்சுப் பக்கங்களின் படங்களாகவே இருப்பதால், கைபேசித் திரையில் படிப்பது கண்ணுக்குச் சிரமம். கணினியில் திறந்துவைத்துப் பாடலோடு சேர்த்துப் படிப்பது நல்லது. புதிதாகக் கேட்பவர்கள் 1976ஆம் ஆண்டின் முதல் தொகுதியை முதலில் வாங்கலாம்.