புல்லட்டா, ஆர்எக்ஸா, ஸ்ப்ளெண்டரா: தொழுவத்தில் வைத்து எதைப் பிரிக்கலாம்?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தொழுவம் இருக்கிறது. மாட்டை விற்று 15 வருடம் ஆகிவிட்டது, இப்போது அங்கே வெல்டிங் மிஷினும் கிரைண்டரும் பெஞ்ச் வைஸும்தான். இதே இடத்தில் மூன்று வண்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கிறோம்: சித்தப்பாவின் பழைய இரும்பு என்ஜின் புல்லட் 350, அத்தை மகனின் யமஹா ஆர்எக்ஸ் 100, நான் 18,000 ரூபாய்க்குப் பிடித்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். ஊரில் வேறு எவனிடமும் இல்லாத மாதிரி ஒரு வண்டியை வீட்டிலேயே செய்ய வேண்டும் என்றால் எதை எடுப்பது? என் ஓட்டு ஸ்ப்ளெண்டருக்கு. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

அழகு என்று பார்த்தால் புல்லட்டுக்குப் போட்டியே கிடையாது. 346 சிசி, சிலிண்டரின் விட்டம் (போர்) 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மி.மீ. சிலிண்டர் நட்டமாக நின்று ஃபிரேமை அடைத்துக்கொள்ளும், டேங்கையும் சீட்டையும் மாற்றினாலே போதும், வண்டி வேறு ஆளாகிவிடும். என்ஜினும் கியர் பாக்ஸும் தனித்தனி என்பதால் ஒன்றைத் தொடாமல் மற்றதைக் கழற்றலாம்.

ஆனால் வீட்டில் வைத்துச் செய்யும்போது இரண்டு தொல்லைகள். புல்லட் ஃபிரேமுக்கு என்ஜினுக்கு அடியில் குழாய் கிடையாது, முன்குழாயையும் பின்பகுதியையும் இணைப்பதே என்ஜின்தான். அதை இறக்கிவிட்டால் நடுவில் பாலம் போன மாதிரி. நாங்கள் இரண்டு செங்கல்லை முட்டுக் கொடுத்து இரண்டு மாதம் அப்படியே விட்டோம். திரும்ப ஏற்றும்போது முன் போல்ட் துளைக்கு நேர் வரவே இல்லை, கார் ஜாக்கி வைத்து நெம்பித்தான் உட்கார வைத்தோம். இரண்டாவது தொல்லை மரை. பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரையும் மெட்ரிக் மரையும் கலந்து வரும். கைக்கு வந்த நட்டை முறுக்கினால் மரை வழுக்கும், அப்புறம் லேத் பட்டறைக்கு நடைதான். 160 கிலோவுக்கு மேல் எடை. ஒற்றை ஆளாக எதையும் நகர்த்த முடியாது.

ஆர்எக்ஸ் 100 பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. 1985இல் வந்தது, 1996இல் நின்றது. 98 சிசியில் 11 குதிரைத்திறன், நூற்றுச் சொச்சம் கிலோ எடை. என் மச்சானுக்கு அந்தச் சத்தம் போதவில்லை. சைலன்சரை நடுவில் அறுத்துக் குட்டையாக்கி ஒட்டினான். சத்தம் ஜோராக வந்தது, இழுவைதான் காணாமல் போனது. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் மூச்சு வாங்கியது. ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் வெறும் புகைக் குழாய் இல்லை. அதன் வயிறு பெருத்துச் சிறுக்கும் இடத்தில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான், எரியாமல் வெளியே ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. நீளம் மாறினால் அலை வரும் நேரம் மாறிவிடும். புல்லட், ஸ்ப்ளெண்டர் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்த அளவுக்கு அடி விழாது. இன்னொன்று, நல்ல ஆர்எக்ஸுக்கு இப்போது லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். அந்த வண்டியில் கட்டிங் வீலை வைக்க எனக்குக் கை வராது. பழையபடி ஆக்கி ஓட்டலாம், அவ்வளவுதான்.

ஸ்ப்ளெண்டருக்கு வருகிறேன். 97.2 சிசி, குதிரைத்திறன் ஏழரை சொச்சம். 1994இலிருந்து ஓடுவதால் பாகம் கிடைக்காத கடை இல்லை. தப்பு செய்தாலும் மலிவாக முடியும் என்பதுதான் இதன் பெரிய பலம். பேட்டரி தாங்கிக்கு ஒரு கிளாம்ப் பற்ற வைக்கும்போது சிடிஐ (பிளக்கில் பொறி வரவைக்கும் சின்ன மின்னணுப் பெட்டி) வயரைக் கழற்ற மறந்துவிட்டேன். ஒரு பொறி, வண்டி ஊமை. புது சிடிஐ சில நூறு ரூபாயோடு போயிற்று.

இதன் குறை தோற்றம். என்ஜின் படுத்துக் கிடப்பதால் டேங்குக்கும் அதற்கும் நடுவில் பெரிய ஓட்டை. பொக்கை வாய் மாதிரி இருக்கும். நான் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் அந்த ஓட்டையோடுதான். தகரம் வைத்துப் பார்த்தேன், டின் கட்டிய மாதிரி இருந்தது. அப்போதுதான் பழைய வீட்டு ஓட்டுக் கூரையைப் பிரித்தபோது எடுத்து வைத்த பனஞ்சட்டம் ஞாபகம் வந்தது. ஆசாரியிடம் கொண்டுபோனால், "என்ன தம்பி, கூரையைப் பிரிச்சு வண்டியில மாட்டப் போறியளா?" என்றார். ஆனாலும் அறுத்துக் கொடுத்தார். வைரம் பாய்ந்த பனை உளியின் முனையை மழுக்கிவிடும், சிம்பு கையில் ஏறினால் இரண்டு நாள் வலிக்கும். இழைத்து வார்னிஷ் அடித்த பிறகு பாருங்கள், செம்பழுப்பில் கறுப்பு நார் கோடுகோடாக ஓடுகிறது. அதிர்வில் வெடிக்காமலிருக்க ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வாஷராகப் போட்டேன். இந்த மாதிரி ஒன்று வேறெங்கும் இருக்காது என்று தைரியமாகச் சொல்வேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே விழலாம். அதனால் ஃபிரேமில் நான் எதையும் அறுக்கவில்லை. என்ஜினும் அதேதான். சீட், ஹேண்டில் பார், பனம் பலகை எல்லாமே போல்ட்டில் நிற்பவை, ஒரு மத்தியானத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். புல்லட்டில் இந்தக் கட்டுப்பாடு கஷ்டம். அறுத்தால்தான் அழகு என்று ஆசை காட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரே இடத்தில் புல்லட் எங்களை மண்ணைக் கவ்வ வைத்தது. ஆடி மாதம் மூன்று பேரும் நாகர்கோவில் ரோட்டில் போனோம். பணகுடி தாண்டியதும் காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்தக் காற்று பக்கவாட்டில் அடிக்க, ஸ்ப்ளெண்டரும் ஆர்எக்ஸும் பக்கத்து லேனுக்கே போய்வந்தன. சித்தப்பா மட்டும் ஒரு கையால் வேட்டியை அமுக்கிக்கொண்டு நேராகப் போனார்.

தூரமாக ஓட்டுகிறவர், வீட்டில் இன்னொரு ஆள் துணைக்கு இருக்கிறவர், புல்லட்டையே எடுக்கட்டும். முதல் வண்டி என்றால் ஸ்ப்ளெண்டர். மச்சான் இன்னும் ஆர்எக்ஸின் ஒரிஜினல் சைலன்சரைத் தேடிக்கொண்டிருக்கிறான். டூப்ளிகேட் வேண்டாமாம்.